தூளி ஆடும் வீட்டில் தமிழ்ப் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழாசிரியர்களும் புலவர்களும் அமர்ந்திருக்கும் இவ்வவையில் நின்று பேசுதற்கு நமக்குள்ள தகுதி சிறிது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராய்ச் சேர்ந்தோம். பகலெல்லாம் கணக்கேடுகளோடும் கால அட்டவணைகளோடும் பழகும் நமக்கு இலக்கிய நயம் எடுத்துரைக்கும் ஆற்றல் இல்லை. ஆயினும், 'வீட்டில் தமிழ் கற்பித்தல்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. பிள்ளை குட்டி உடையார் அனைவர்க்கும் உரிய பொருள் அது.

அப்பொருளிலும் ஒரு சிறு கூறினையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையை அமர்த்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேளையில், இரண்டு வயதுக் குழந்தை வந்து புத்தகத்தைப் பிடித்து இழுக்கிறது. தூளியில் கிடக்கும் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. அப்போது தாய் என் செய்வாள்? இக்கேள்வி உங்களுக்கு நகைப்பைத் தரலாம். ஆனால், நம் வீடுகளில் தொடங்கிய தமிழ்ப் பாடம் ஒரு திங்களுக்குள் நின்றுபோவதற்கு நூல் கிடைக்காமையோ ஆர்வம் இல்லாமையோ காரணம் என நாம் கருதவில்லை. பெரும்பாலும் இவ்வொரு கேள்விக்கு விடை காணாமையே காரணம் என்பது நம் துணிபு.

நம் சங்கத்தில் இருவகைத் தமிழர் உள்ளனர். பிழைப்பை நாடித் தென் மாவட்டங்களிலிருந்து திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து குடியேறியோர் ஒரு வகையினர். இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகராமலே, எல்லைக்கோடு நகர்ந்தமையால் வேற்று மாநிலத்தார் ஆனோர் மற்றொரு வகையினர். நாம் வாழும் குடிபாலா இதற்குச் சான்று. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் வழியில் எல்லையை ஒட்டி அமைந்தது அவ்வூர். 1911-ஆம் ஆண்டு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. குடிபாலா ஆந்திரத்திலேயே நின்றது.

அதன்பொருட்டு நாம் இன்று வருந்திப் பேச எழவில்லை. நம் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் அக்காளும் தங்கையும் போல் கைகோத்து நடக்கின்றன. நம் பிள்ளைகள் தெலுங்கைச் செம்மையாய்க் கற்றல் வேண்டும். அவர்கள் உண்ணும் சோறு விளைந்த மண்ணின் மொழி அது. ஆனால், தமிழைப் பேச மட்டும் தெரிந்து, பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூடத் தமிழில் படிக்க இயலாத ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர்ந்து வருவதை நாம் காண்கிறோம். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்று, 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. இருப்பினும், தமிழ் கற்பிக்கும் பள்ளி எல்லா ஊர்க்கும் எட்டுவதாய் இல்லை. எட்டாத ஊரில் வீடே பள்ளி. தாய் தந்தையரே ஆசிரியர்.

இவ்வீட்டுப் பள்ளி மாலையில் விளக்கேற்றியபின் தொடங்கும். அடுப்பில் உலை கொதிக்கும். தூளியில் குழந்தை சிணுங்கும். இளையது கூச்சலிடத் தொடங்கியதும் பல வீடுகளில் எழும் முதற்சொல் யாது? "தம்பியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் வெளியே போம்மா" என்பதே அது. இச்சொல் மூத்த பெண்ணை நோக்கியே எழுகிறது. அவள் எழுந்து போகிறாள். இடுப்பில் குழந்தை ஏறுகிறது. கையிலிருந்த புத்தகம் கீழே இறங்குகிறது. உள்ளே அவளுடைய தம்பிமார் எழுத்துக் கற்கின்றனர். வாயிலில் நின்று அவள் குழந்தைக்குக் காக்கை காட்டிக்கொண்டிருக்கிறாள்.

தாயைக் குறைகூறுதல் தகாது. அவளுக்கு இருப்பன இரண்டே கைகள். ஆனால் விளைவை எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அப்பெண் வேறொரு வீட்டின் தாயாவாள். அவ்வீட்டுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்க வேண்டியவள் அவளே. எழுத்தறியாத அவள் எதை அறிவிப்பாள்? ஒரு மாலையில் அவளை வெளியே அனுப்பினால் அவள் ஒரு பாடத்தை இழக்கிறாள். ஒவ்வொரு மாலையிலும் அனுப்பினால், பிறவாத ஒரு தலைமுறையே தமிழ் எழுத்தை இழக்கிறது. நம் உரையின் கருத்தெல்லாம் இவ்வொன்றே: பாடம் நடக்கும்பொருட்டுக் குழந்தையையும் வெளியேற்றலாகாது, குழந்தையின்பொருட்டு மூத்த பெண்ணையும் வெளியேற்றலாகாது. இருவர்க்கும் ஒரே பாயில் இடம் உண்டு.

பெண்ணை அனுப்பாத வீடுகளில் வேறொரு வழி கையாளப்படுகிறது. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். வீடு அமைதியாகிறது, உண்மையே. ஆனால் உலக நல்வாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயது நிரம்பாத குழந்தை திரையைப் பார்த்தலே வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைவாயின் மேலும் நன்று என்றும் கூறியுள்ளது. அன்றியும், மூத்த பிள்ளையின் கண்ணும் அத்திரையையே நாடும். குழந்தையை அடக்கத் தந்த கருவி பாடத்தையே விழுங்கிவிடுகிறது. அக்கருவியை நாம் வெறுக்கவில்லை. 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவது, மழலையர்க்குரிய தமிழ்ப் பாடங்களை ஒலியோடும் படத்தோடும் வைத்திருக்கிறது. தாய் முன்னதாகப் பார்த்து ஆயத்தம் செய்துகொள்ள அது பெரிதும் உதவும்.

நமக்கு முன்னரே இவ்வினாவை எதிர்கொண்டு விடை கண்டோர் உளர். மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவராய் நின்ற அனுதாய் வாக் என்னும் அம்மையாரும் 1945-இல் போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூரில் மழலைக் கல்விப் பணியைத் தொடங்கினர். பின்னர் அருகிலுள்ள கோஸ்பாட் குன்றில் வார்லி என்னும் பழங்குடி மக்களிடையே அப்பணியை வளர்த்தனர். ஊரின் நடுவே பள்ளி வைத்தும் மூத்த பிள்ளைகள் வரவில்லை. சிறுவர் மாடு மேய்க்கப் போயினர். சிறுமியர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றனர். அம்மையார் இருவரும் பெற்றோரைக் கடிந்துகொள்ளவில்லை. மேய்ச்சல் நிலத்துக்கே ஆசிரியரை அனுப்பினர். குழந்தை காப்பகம், மழலைப் பள்ளி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தனர். தங்கையை இடுப்பில் சுமந்து வந்த சிறுமி, அவளைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டுத் தன் பலகையை எடுத்தாள். வீட்டு முற்றங்களில் மழலையர் வகுப்பை நடத்தும் முறையையும் அவர்கள் வளர்த்தனர். முற்றத்துக்கு அவர்கள் மொழியில் அங்கண் என்று பெயர். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்களுக்கு இன்று நாடெங்கும் அங்கன்வாடி என்பதே பெயர். நாம் நாள்தோறும் வழங்கும் அச்சொல்லுக்குப் பின்னே, தங்கையைச் சுமந்ததால் படிப்பை இழந்த சிறுமியரின் துயரமும் நிற்கிறது.

மற்றொரு சான்று நமக்கு மிக அண்மையில் உள்ளது. முன்னர் நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி பள்ளத்தாக்குக் கல்வி நிலையம் இருப்பதை அறிவீர்கள். 1980-களில் அந்நிலையத்தார் சுற்றுச் சிற்றூர்களில் சிறு பள்ளிகளை அமைத்தனர். ஓராசிரியர், ஒரே அறை, வெவ்வேறு வயதும் வகுப்பும் உடைய பிள்ளைகள். ஏறத்தாழ நம் வீட்டு நிலையே அது. அங்கே பாடத்தைச் சிறு சிறு படிகளாய்ப் பிரித்து அட்டைகளில் எழுதி, ஏணி போன்ற ஒரு படத்தில் வரிசைப்படுத்தினர். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே அறிந்து, அடுத்த அட்டையைத் தானே எடுக்கும். ஒரு சிலர் ஆசிரியரோடு அமர்ந்திருக்க, சிலர் தம்முள் கூடிக் கற்பர். சிலர் தனியே எழுதுவர். தமிழ்நாட்டார் இம்முறையைக் கண்டு சென்று, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-இல் மாநிலமெங்கும் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் பரப்பினர். நம் மாவட்டத்து மண்ணில் முளைத்த வித்து தமிழகம் சென்று தழைத்தது. அதன் ஒரு கிளையை நம் வீட்டு முற்றத்தில் நட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லையா?

இன்னும் பின்னோக்கினால் நம் பாட்டனார் கற்ற திண்ணைப் பள்ளியைக் காணலாம். அங்கும் ஆசிரியர் ஒருவரே. சட்டாம்பிள்ளை இளையவர்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். இளையவர் மணலில் விரலால் எழுதுவர். சென்னையில் படைவீரர் பிள்ளைகளின் காப்பகத்தை மேற்பார்த்த ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் இவ்வாறு மணலில் எழுதும் முறையைக் கண்டு வியந்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்து, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அம்முறை அங்கே சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

"அவ்வாறாயின் மூத்த பெண் தம்பிக்குக் கற்பிக்கலாமே, அவளை விலக்குவது ஏன்?" என வினவுவீர்கள். கற்பிக்கலாம், கட்டாயம் கற்பிக்கட்டும். தம்பியின் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதுவிக்கும் பெண், தான் கற்றதை மறுமுறை கற்கிறாள். தம்பியை இடுப்பில் ஏந்தித் தெருவில் நிற்பவளோ கற்றதையும் மறக்கிறாள். சட்டாம்பிள்ளையாய் இருத்தல் வேறு, செவிலியாய் இருத்தல் வேறு. முன்னதைக் கால் மணி நேரம் அவளுக்குத் தருக. பின்னதை அவள் பாடவேளையில் ஒருபோதும் தரற்க.

இனி, இளையவரை எவ்வாறு பாயில் இருத்துவது என்பதைக் காண்போம். இதற்கு நாம் அயலார் நூலைத் தேட வேண்டுவதில்லை. நம் பிள்ளைத்தமிழ் நூல்களே குழந்தை வளரும் முறையைப் பத்துப் பருவங்களாக வகுத்து வைத்துள்ளன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் எஞ்சிய மூன்று. இறைவனையும் அரசனையும் பாட எழுந்த நூல்களேயாயினும், எந்தப் பருவத்துக் குழந்தை எதில் மனம் ஊன்றும் என்பதைத் தாய்மார் கண்டறிந்த உண்மையன்றோ அவற்றுள் பொதிந்துள்ளது?

செங்கீரைப் பருவக் குழந்தை தலையெடுத்து அசைந்தாடும். அதற்குப் பாடப் பாயின் அருகிலேயே ஒரு விரிப்பிட்டு, அக்காளின் முகம் தெரியுமாறு கிடத்துக. அக்காள் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். அவளுக்கு அது பாடம். குழந்தைக்கு அது மனிதக் குரல். தால் என்பது தாலாட்டு. செய்யுள் மனப்பாடம் செய்விக்கும் வேளையைத் தூளியாட்டும் வேளையாக வைத்துக்கொண்டால், தாய் ஆட்டிக்கொண்டே ஓர் அடி சொல்ல, மூத்தவர் மறு அடி சொல்லலாம். சப்பாணி கைகொட்டும் பருவம். வாய்பாட்டையும் சொற்களையும் கைத்தாளத்தோடு சொல்லுங்கள். குழந்தை எதிரே அமர்ந்து தானும் கொட்டும். வருகைப் பருவத்துக் குழந்தை தளர்நடை பயிலும். "அந்தப் பலகையை எடுத்து வா, அண்ணனிடம் கொடு" என ஏவினால், அதுவும் பள்ளியில் பணி பெற்றுவிடும்.

அம்புலிப் பருவம் சுட்டிக்காட்டும் பருவம். அதற்குப் பழைய நாட்காட்டிப் படங்களை அட்டையில் ஒட்டித் தருக. அதன் சிறு விரல் தொட்டதை அண்ணன் பெயர் சொல்லி எழுதட்டும். குழந்தையின் விளையாட்டே மூத்தவனுக்குச் சொல்லெழுதும் பயிற்சியாகும். சிற்றில், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் குழந்தை சிதைக்க வரும் பருவம். ஒரு தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பி வைத்தால் இரண்டரை வயதுக் குழந்தை நெடும்பொழுது அதில் ஆழ்ந்திருக்கும். சிறுபறை ஒன்றை மட்டும் பாடவேளையில் தரற்க. தகரமும் கரண்டியும் பாடம் தொடங்குமுன் ஒலித்து ஓயட்டும். சிறுதேருக்கு நம் நடைவண்டி இருக்கிறது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், சிறு குழந்தை பொம்மையைவிடப் பெரியவர் செய்யும் மெய்யான வேலையையே மிக விரும்பும் என்று கண்டவர். அவரையைக் கூடைக்குக் கூடை மாற்றுதல், துணியை மடித்தல், குவளைக்குக் குவளை சிறிது நீர் ஊற்றுதல் ஆகிய இவை போதும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கையில் புளியங்கொட்டை, பாசிமணி, கோலி முதலிய சிறு பொருள்களைத் தரலாகாது, தொண்டையில் சிக்கும். குன்றிமணி நஞ்சாதலின் வீட்டிலேயே வேண்டா. நீர் நிறைந்த வாளியருகே குழந்தையைத் தனியே விடுதலும் கூடாது.

நேரத்தை வகுத்தலில் நம் துறையின் பழக்கம் ஒன்று கைகொடுக்கும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வருமாயின், நிலையத்தார் ஒன்றை லூப் லைன் எனப்படும் பக்கப் பாதையில் நிறுத்தி, மற்றொன்றைப் போகவிடுவர். நிற்கும் வண்டியும் தள்ளப்பட்டதாகாது. அதற்கும் தன் முறை வரும். தாயின் கருத்து ஒற்றைப் பாதை. இளையதன் வண்டியை முதலில் போகவிடுங்கள். பாலூட்டி, பத்து நிமிடம் மடியில் வைத்துக் கொஞ்சிய குழந்தை அரைமணி நேரம் விளையாடும். கொஞ்சப்படாத குழந்தை ஒரு நொடியும் விடாது. புதிய பாடத்தைக் கைக்குழந்தை உறங்கும் வேளையில் தொடங்குக. பார்த்தெழுதுதல், படித்ததை ஒப்பித்தல் ஆகியவை குழந்தை விழித்திருக்கும் வேளைக்கு ஏற்றவை. ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேற்பட வேண்டா. விளையாட்டுப் பொருள் சிலவற்றை ஒரு பெட்டியில் இட்டு, பாடவேளையில் மட்டும் திறந்து, கிழமைக்கு ஒருமுறை மாற்றி வைக்குக. என்றும் கண்முன் கிடக்கும் பொருளில் குழந்தைக்கு ஆசை நில்லாது.

இத்தனையும் தாய் ஒருத்தியே செய்தல் இயலுமா எனின், இயலாது. இங்கேதான் ஆடவராகிய நமக்கு ஒரு சொல் உண்டு. பணிமனையிலிருந்து திரும்பி, நாளிதழை விரித்து, "குழந்தை ஏன் அழுகிறது?" என்று உள்நோக்கிக் கேட்பதோடு தந்தையின் கடமை முடிவதில்லை. தூளியின் கயிறு ஆண் கையைச் சுடாது. முறைப்பணி செய்யும் இருப்புப்பாதை ஊழியர்க்கு மாலை வேளை எல்லா நாளும் கிட்டாது. கிட்டும் நாள்களிலேனும், தந்தை குழந்தையை ஏந்தத் தாய் பாடம் சொல்லலாம். தாய் சமைக்கத் தந்தை பாடம் சொல்லலாம். மூத்த மகள் அதைக் காண்பாள். எழுத்தோடு அவள் கற்கும் பெரும் பாடம் அதுவாகும்.

நிறைவாக, சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு நாள் மேடை அமைத்துத் தமிழை வாழ்த்துகிறோம், வேண்டியதே. அதனோடு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் உறுப்பினர் வீடுகளில் முறைவைத்து ஒரு தமிழ் வகுப்பு நடத்துவோமாக. கோஸ்பாட் அம்மையார் செய்தாங்கு, வகுப்பின் பக்கத்திலேயே குழந்தைகளுக்கு ஒரு விரிப்பும், ஒரு மணல் தாம்பாளமும், ஒரு தூளியும் அமையட்டும். அவற்றின் பொறுப்பை ஆடவரும் முதியோரும் மாறி மாறி ஏற்கட்டும். பெருஞ்செலவு இதற்கு வேண்டா. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. சிலேட்டும் பலகையும் நம் வீடுகளில் உள்ளன. குடிபாலாவில் இதைத் தொடங்க எங்கள் வீட்டுக் கூடத்தைத் தருகிறோம். முதல் ஞாயிறு தூளியாட்டும் முறையையும் நாமே ஏற்கிறோம்.

அவ்வகுப்புக்குத் தங்கையை இடுப்பில் ஏந்தி ஒரு சிறுமி வருவாளாயின், அவளை வாயிலிலேயே எதிர்கொண்டு, குழந்தையை நம் கையில் வாங்கிக்கொண்டு, அவள் கையில் பலகையைக் கொடுப்போம்.